மேசைமேல் போர்க்களம் – 7: நகரக் கதவு தீர்மானித்த போர்

1471 ஏப்ரல் 14. பிரான்சிலிருந்து கப்பலேறிய லங்காஸ்டர் தரப்பு அரசி மார்கரெட், இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் துறையில் இறங்கினார். அதே நாள் காலையில் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் மூடுபனிக்குள் நடந்த சண்டையில், அவருடைய பெருந்துணையான வார்விக் பிரபு கொல்லப்பட்டிருந்தார். இனி செவர்ன் ஆற்றைக் கடந்து வேல்சுக்குப் போய், தம் ஆதரவாளரான ஜாஸ்பர் டியூடரின் ஆட்களோடு சேர்ந்தால்தான் பிழைப்பு. ஆற்றைக் கடக்க வசதியான கிளாஸ்டர் நகரம் கதவைச் சாத்திக்கொண்டது. களைத்த படை மேலும் நடந்து டியூக்ஸ்பரியை அடைந்தபோது, பின்னாலேயே வந்த யார்க் தரப்பு அரசர் நான்காம் எட்வர்ட் மடக்கிவிட்டார். மே 4ஆம் தேதி மார்கரெட்டின் ஒரே மகன் அந்தக் களத்தில் மாண்டான்.

டியூக்ஸ்பரி சண்டையை மட்டும் மேசையில் பரப்பி ஆடுகிறவருக்கு அந்தக் கதவு தெரியவே தெரியாது. இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கும், பகடை உருளும், ஒருவர் வெல்வார். ஏன் அங்கே நின்றார்கள், வரவேண்டியவர் ஏன் வரவில்லை, தோற்றவர் நாளை எங்கே போவார் என்பதற்கெல்லாம் மேசையில் விடை இல்லை. இடைக்காலப் போரின் உயிரே அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அதனால்தான் இடைக்காலப் படை சேர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: பொம்மை வாங்குவதற்கு முன்னால் வரைபடத்தை விரியுங்கள்.

சென்ற வாரம் பார்த்த எச்.ஜி. வெல்ஸின் 1913ஆம் ஆண்டு ‘லிட்டில் வார்ஸ்’ விளையாட்டு, ஒரே அமர்வில் முடியும் சண்டை. சண்டைகளைக் கோத்துத் தொடர்போராக ஆடுவது வேறு உழைப்பு. பிரிட்டனில் டோனி பாத் என்பவர் ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தில் பல ஆண்டுகள் அப்படி ஒன்றை நடத்தினார். நாடுகள், அரசர்கள், அவர்களுடைய குணங்கள், கருவூலக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. புதிதாக வருபவர் அந்த அளவுக்கு எழுதத் தொடங்கினால், முதல் சண்டைக்கு முன்பே சோர்ந்துவிடுவார். அந்தச் சுமையைத் தூக்க நல்ல பலகை விளையாட்டு ஒன்று போதும்.

யார்க், லங்காஸ்டர் குலங்கள் இங்கிலாந்தின் அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது: ஆண்ட்ரூ மெக்நீல் வடிவமைத்து 1974இல் வெளிவந்த ‘கிங்மேக்கர்’. இதில் ஆடுபவர் அரசர் அல்லர். பிரபுக்களின் கூட்டணி ஒன்றை நடத்துபவர். யார்க், லங்காஸ்டர் வாரிசுகளைக் கைப்பற்றி, தம் வசமுள்ளவருக்கு முடிசூட்டி, போட்டி வாரிசுகளை ஒழிக்க வேண்டும். இடையில் வரும் நிகழ்வுச் சீட்டுகள் படையைச் சிதறடிக்கும். எல்லையில் கலகம் என்றால் அந்தப் பகுதிக்குரிய பிரபு உடனே ஊர் திரும்ப வேண்டும். நகரத்தில் கொள்ளைநோய் வந்தால் உள்ளே இருப்பவர் கதை முடிந்தது. பெரும்படையோடு கிளம்பியவர் பாதிப் படையோடு களத்தில் நிற்பது இங்கே இயல்பாக நடக்கும்.

மூல ஆட்டத்தில் இரு தரப்பு பலத்தையும் ஒப்பிட்டு ஒரு சீட்டை எடுத்துப் போரைத் தீர்ப்பார்கள். நாம் அந்த இடத்தில் பலகையை அப்படியே நிறுத்திவிட்டு மேசைக்குப் போகிறோம். விதிகளுக்கு டேனியல் மெர்சியின் ‘லயன் ராம்பண்ட்’ (2014) பொருத்தம். ஒவ்வோர் அணியையும் நகர்த்த இரண்டு பகடை போட வேண்டும். தேவையான எண் விழாவிட்டால் முறை எதிராளிக்குப் போய்விடும். சொன்னதைச் செய்யாத தளபதிகளின் காலத்துக்கு இது சரியான விதி.

பலகையில் உள்ள பலத்தை மேசைப் படையாக மாற்றும் கணக்கை எளிமையாக வையுங்கள். பலம் குறைந்தவருக்கு ‘லயன் ராம்பண்ட்’ விதிகளில் வழக்கமான 24 புள்ளிப் படை. மற்றவருக்குப் பலகையில் உள்ள விகிதப்படி கூடுதல், ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். பலகையில் பலம் இரண்டு மடங்கைத் தாண்டினால் மூல விதிப்படி சீட்டாலேயே தீர்த்துவிடுங்கள். பக்கத்துப் பகுதியில் கூட்டாளி இருந்தால் அவர் எந்தச் சுற்றில் வருவார் என்பதைப் பகடை சொல்லட்டும். 1485இல் பாஸ்வொர்த் களத்தில் ஸ்டான்லி சகோதரர்கள் ஒதுங்கி நின்று பார்த்ததும், கடைசியில் அவர்களில் வில்லியம் ஹென்றி டியூடருக்காக இறங்கியதும் நினைவிருக்கட்டும்.

படை எவ்வளவு வேண்டும்? ஒரு தரப்புக்கு 12 பேர் கொண்ட வில்லாளர் அணி இரண்டு. பில் எனப்படும் நீண்ட கொக்கிக் கோடரி ஏந்தியவர் அணி இரண்டு. கவசம் பூண்ட வீரர் ஆறு பேர். மொத்தம் 54 உருவங்கள். குதிரைப்படை இப்போதைக்கு வேண்டாம். அந்தப் போர்களில் கவச வீரர்கள் பெரும்பாலும் தரையில் இறங்கியே போரிட்டார்கள். பெர்ரி மினியேச்சர்ஸின் 28 மி.மீ. பிளாஸ்டிக் காலாட்படைப் பெட்டி ஒன்றில் 40 பேர் இருக்கிறார்கள். வில்லும் பில்லும் இரண்டும் அதிலேயே வரும்.

வண்ணம் பூசும் வரிசையையும் பலகையே தரும். உங்கள் கைச்சீட்டில் வார்விக் வந்தால் முதல் அணிக்குச் சிவப்புச் சட்டை, கணு வெட்டிய தடிச் சின்னம். பக்கிங்ஹாம் வந்தால் கருப்பும் சிவப்பும், ஸ்டாஃபோர்ட் முடிச்சு. கொடிகளைக் கழற்றி மாற்றும்படி செருகுங்கள். கூட்டணி மாறும்போது அணியும் கட்சி மாறலாம். சின்னங்களில் அக்கறை வேண்டும். பார்னெட் பனியில், வார்விக்கின் பக்கம் நின்ற ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் நட்சத்திரத்தை எட்வர்டின் சூரியன் என்று நினைத்துச் சொந்தப் படையே அம்பு எய்ததாகவும், ‘துரோகம்’ என்ற கூச்சலில் அணி உடைந்ததாகவும் அக்காலக் குறிப்பு சொல்கிறது.

இறந்தவர் இறந்தவராகவே இருக்க வேண்டும் என்பது தொடர்போரின் கட்டாய விதி. மேசையில் விழுந்த பிரபுவின் சீட்டு பலகையிலிருந்து போய்விட வேண்டும். அவர் பட்டமும் படையும் அடுத்தவருக்குத் திறந்துவிட வேண்டும். 1461இல் பெரும்போர் நடந்த டவ்டனில், 1996இல் ஒரு கூட்டுப் புதைகுழி வெளிப்பட்டது. அந்த மண்டையோடுகளில் அடுத்தடுத்து விழுந்த வெட்டுகள் இருந்தன. நாம் ஆடுவது அந்த மனிதர்களின் கதையை. இழப்புக்கு விலை இல்லாத ஆட்டம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. விலை இருந்தால், தோற்கப்போகிறவர் நேரத்தில் பின்வாங்குவார். வென்றவர் துரத்தலாமா என்று யோசிப்பார். அப்போதுதான் ஆடுபவர் தளபதியாக யோசிக்கத் தொடங்குகிறார்.

ஆகவே முதலில் பலகையை மட்டும் ஒருமுறை முழுதாக ஆடிப் பாருங்கள். எந்தப் பிரபு மேல் மனம் ஒட்டுகிறதோ, அவருடைய 12 பேரில் தொடங்குங்கள்.

(அடுத்த வாரம்: 12 வில்லாளர்களுக்கு வண்ணம் பூசுவது எப்படி?)