நாயின் ஆகார மாற்றமும் வயிற்றுக் கோளாறும்

தறிக்கூடத்தையும் களத்துமேட்டையும் இரவெல்லாம் காத்து நிற்பது நாய். அதற்குக் கூலியாக நாம் அளிப்பது ஒரு வேளைக் கூழும் எஞ்சிய சோறுமே. எனினும் அதன் வயிற்றைப் பற்றி நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? நாமும் சிந்தித்ததில்லை. அதன் பயனை அனுபவித்த பின்னரே அங்கத்தினர்களுக்கு இதனை எழுதத் துணிந்தோம்.

சங்கரன்கோவில் பக்கத்தில் நெசவுத் தொழில் செய்யும் நம் உறவினர் ஒருவர், ஒன்றரை வயதுள்ள நாட்டு நாய் ஒன்றை மயிலாப்பூரிலுள்ள நமது இல்லத்திற்குக் கொணர்ந்து விட்டார். ஊரில் கம்பங்கூழும் மோரும் சோறும் உண்டு வளர்ந்தது அது. பட்டணத்துக்கு வந்த விருந்தாளியாயிற்றே என்று, தியாகராயநகர்க் கடையொன்றில் வாங்கிய பொட்டல உணவை முதல் நாளே வட்டில் நிறைய இட்டோம், பாலும் வார்த்தோம். மறுநாள் காலையில் வயிற்றுப்போக்குக் கண்டது. அவ்வுணவே கெட்டது என்று முடிவு கட்டி, மூன்றாம் நாள் வேறொரு பொட்டலத்துக்கு மாற்றினோம். கோளாறு இரட்டித்தது, நாய் சுருண்டு படுத்துவிட்டது. அடுத்த வீட்டார் அன்புடன் கொடுத்த மாத்திரையைப் புகட்டவிருந்த தறுவாயில், நல்ல வேளையாகக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றோம்.

அவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன மாற்றினீர்கள்?" என்பதே. நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள், அது வழக்கமாக உண்ணும் ஆகாரத்துக்கு ஏற்ப அமைந்தவை. ஆகாரம் திடீரென மாறினால் அவை பழகிக்கொள்ளச் சில நாட்களாகும். அதற்குள் ஜீரணமாகாது தங்கும் பகுதி குடலில் நீரை இழுத்துப் போக்கை உண்டாக்குகிறது. மேலும், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குறைவு. ஆகவே பிழை பொட்டலத்தில் அன்று. நமது அவசரத்தில் இருந்தது.

பழைய பாவு தீர்ந்ததும் அதனை அறுத்தெறிந்து விட்டா புதிய பாவைத் தறியில் ஏற்றுகிறோம்? இழைக்கு இழை பிணைத்தல்லவா ஏற்றுகிறோம்! ஆகார மாற்றமும் அவ்வாறே நடைபெற வேண்டும். முதல் இரண்டு நாட்கள் நான்கில் மூன்று பங்கு பழைய ஆகாரம், ஒரு பங்கு புதியது. அடுத்த இரண்டு நாட்கள் சரிபாதி. அதற்கடுத்த இரண்டு நாட்கள் புதியது மூன்று பங்கு. ஏழாம் நாள் முழுவதும் புதியது. வயிறு மென்மையான நாய்க்குப் பத்து நாட்களும் ஆகலாம். இடையில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, இரண்டொரு நாள் நிற்க வேண்டும்.

கோளாறு கண்டுவிட்டாலோ, வளர்ந்த நாய் சுறுசுறுப்பாகவே இருக்குமாயின், ஒரு வேளை ஆகாரத்தை நிறுத்தலாம். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தலாகாது. பின்னர் குழைய வேகவைத்த சோற்றுடன், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழியிறைச்சியைச் சேர்த்துச் சிறிது சிறிதாக மூன்று நான்கு வேளை அளிக்கலாம். உப்பு, மசாலை, எண்ணெய் எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு; ஆதலின் குழம்புச் சோறு ஆகவே ஆகாது. மனிதருக்கான மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் கொடுப்பது உயிருக்கே அபாயம். நாம் சாதாரணமாக விழுங்கும் காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லவை.

இவை எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. எல்லா வயிற்றுப்போக்கும் ஆகார மாற்றத்தால் வந்ததாகாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் வைரஸ் வியாதியும் வாந்தி, பேதியாகவே தொடங்கும். 1978-ஆம் ஆண்டில் உலகில் பரவத் தொடங்கிய இவ்வியாதிக்குத் தடுப்பூசி உண்டு. குட்டி ஆறு முதல் எட்டு வார வயதாகும்போது தொடங்கி, வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும். ஆகையால் குட்டிக்குப் போக்குக் கண்டால் பட்டினி போடாமலும் காத்திராமலும் அன்றே வைத்தியரிடம் செல்க. வளர்ந்த நாயானாலும், மலத்தில் இரத்தம், கரிய மலம், ஓயாத வாந்தி, வெளுத்த ஈறு, பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படியாமை, ஒரு நாளைக்கு மேலும் தணியாத போக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதம் கூடாது.

சென்னைவாசிகளுக்கு, 1903-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் நடைபெறும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைசாலை உண்டு. வெளியூர் அங்கத்தினர்கள் மாட்டுக்கு நாடும் அரசினர் கால்நடை மருந்தகத்தையே நாய்க்கும் நாடலாம்.

நமது நாய் ஐந்தாம் நாள் எழுந்து வாசலுக்கு வந்தது. அன்று முதல் கம்பங்கூழில் கால் பங்கு புதிய ஆகாரம் கலந்து தொடங்கினோம். பத்தாம் நாள் மாற்றம் முடிந்தது. ஊரிலிருந்து நாயைப் பட்டணத்துக்கு அனுப்பும் அங்கத்தினர்கள், அதனுடன் அது உண்டு பழகிய தானியத்தில் இரண்டு படியையும் சேர்த்து அனுப்புவார்களாக. பெற்றுக்கொள்பவர்களும், அது என்ன உண்டது என்று முதலில் கேட்டுக்கொள்வார்களாக.