எரித்த படையோடு போனவர் எழுதிய கதை

காகசஸ் மலைநாட்டை அடக்கி முடிக்க ஜார் படைகளுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. தளபதி யெர்மோலவ் அங்கே பொறுப்பேற்றது 1816இல். மலைமக்களின் தலைவர் இமாம் ஷாமில் சரணடைந்தது 1859இல். ரஷ்ய இலக்கியம் தழைத்த காலமும் ஏறக்குறைய இதுதான். புஷ்கின், லெர்மன்தவ், டால்ஸ்டாய் மூவருமே அந்த மலைப்பக்கம் போய் வந்து எழுதியவர்கள். ஆனால் மூவர் கண்ணிலும் பட்டது ஒன்றல்ல.

புஷ்கினின் 'காகசஸ் கைதி' 1822இல் வெளிவந்தது. சர்க்காசியரிடம் பிடிபட்ட ரஷ்யனின் விலங்கை அறுத்துத் தப்பவிட்டு, ஆற்றோடு போய்விடுகிறாள் ஒரு மலைப்பெண். நாம் அவளுக்காக இளகி நிற்கும் வேளையில் பின்னுரை வந்து யெர்மோலவுக்குப் பரணி பாடுகிறது. இத்தனைக்கும், அதே அரசு தெற்கே நாடுகடத்தி வைத்திருந்த கவிஞர் அவர்! நண்பர் வியாசெம்ஸ்கிக்கே இது பொறுக்கவில்லை; கடிதத்தில் கடிந்துகொண்டார்.

லெர்மன்தவ் படையிலேயே இருந்தவர். 1840இல் வலேரிக் ஆற்றங்கரைச் சண்டையில் நேரில் போரிட்டு, ஆறு செந்நீரானதைப் பார்த்து, எதற்காக இதெல்லாம் என்று கவிதையில் கேட்டார். அதே ஆண்டு வந்த 'நம் காலத்து நாயகன்' நாவலில் ஒரு குதிரைக்கு ஆசைப்பட்டு மலைநாட்டுப் பையன் அஸமாத் தன் அக்கா பேலாவையே ரஷ்ய அதிகாரிக்குத் தூக்கிக் கொடுக்கிறான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரிக்குச் சில மாதங்களில் அலுத்துவிடுகிறது. பேரரசு பற்றிய வசனம் ஏதும் இல்லை, தேவையும் இல்லை.

டால்ஸ்டாய் 1851இல் காகசஸ் போனபோது வயது 22. ஊர்களைத் தாக்கப் போன படைகளோடு தானும் போனார். ஷாமிலின் தளபதி ஹாஜி முராத் அந்த ஆண்டுக் கடைசியில் ரஷ்யர் பக்கம் வந்து சேர்ந்தபோது, அதை இழிசெயல் என்று அண்ணனுக்கு எழுதினார். அந்த மனிதரையே நாயகனாக்கி நாவல் எழுத உட்கார்ந்தது 1896இல்.

'ஹாஜி முராத்' நாவலின் வலு அதன் அடுக்கில் இருக்கிறது. 15ஆம் அத்தியாயத்தில் ஜார் முதலாம் நிக்கலாய், முந்தின இரவின் பெண் சகவாசம் மனதில் உறுத்திக்கொண்டிருக்க, செச்னியாவைத் தொடர்ந்து தாக்கும்படி அரண்மனையிலிருந்து உத்தரவு போடுகிறார். 16இல் இளம் அதிகாரி பட்லர் குஷியாகத் தாக்குதலுக்குப் போகிறான். பக்கத்தைப் புரட்டினால், எரிந்த ஊர். முதல் அத்தியாயத்தில் ஹாஜி முராத்துக்கு அடைக்கலம் தந்த ஸாதோ, இடிந்த வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் மகனை முதுகில் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றிருக்கிறார்கள். தாத்தா நட்டு வளர்த்த ஆப்ரிகாட், செர்ரி மரங்கள் ஒடிந்து கருகிக் கிடக்கின்றன. தேன்கூடுகளைத் தேனீக்களோடு கொளுத்திவிட்டார்கள். ஊற்று நீரையும் மசூதியையும் அசுத்தப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ரஷ்யர்களை வெறுப்பதாகக்கூட அந்த ஊரார் சொல்வதில்லை. அவர்களை மனிதக் கணக்கில் சேர்க்கவே மனம் வரவில்லை.

ரஷ்ய ஏழையையும் டால்ஸ்டாய் விட்டுவிடவில்லை. அற்பச் சண்டையில் சிப்பாய் அவ்தேயேவ் சாகிறான். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையோ அதைப் பெரிய வெற்றியாக ஊதிவிடுகிறது. அம்மா அனுப்பிய கடிதமும் ஒரு ரூபிளும் ஊருக்கே திரும்பி வருகின்றன.

என் பார்வையில் இந்த மூவரில் வெல்லப்பட்டவர் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர் டால்ஸ்டாய் மட்டுமே. அதற்கு அவருக்கு ஆயுளில் பெரும்பகுதி ஆயிற்று. உயிரோடிருக்கும்வரை நாவலை வெளியிடவும் இல்லை. 1912இல் ரஷ்யாவில் வந்த பதிப்பு தணிக்கையின் வெட்டுக் காயங்களோடுதான் வந்தது.

தடித்த ரஷ்ய நாவல் என்றாலே தயங்குபவர்கள் தைரியமாக இதை எடுக்கலாம், சிறிய நூல்தான். அதற்கும் நேரமில்லை என்றால், 15 முதல் 17 வரையுள்ள மூன்று அத்தியாயங்களையாவது ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள்.