குறி தப்பினால் மலைதான்! பனி உச்சியில் இறங்கும் குட்டி விமானங்கள்

உடையார்பாளையத்தில் மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடுவார்கள். பிரான்சு நாட்டிலோ, பனியில் சறுக்கி விளையாடச் சிலர் குட்டி விமானத்திலேயே போய் இறங்குகிறார்கள்!

ஆல்ப்ஸ் மலையில் உள்ள அந்த ஊர் கூர்ஷவெல். விமானத் தளம் இருப்பது 2,008 மீட்டர் உயரத்தில். நம்ம ஊட்டியை விடச் சற்றுத் தாழ்வுதான். ஆனால் ஓடுபாதை வெறும் 537 மீட்டர்! சில இடங்களில் 100 மீட்டருக்கு 18 மீட்டர் ஏற்றம். இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் தணியும். கிளம்பும் விமானம் சரிவில் ஓடி வேகம் பிடிக்கும்.

ஓடுபாதை முடிந்தால் எதிரே மலை! "சரியா வரலை, இன்னொரு சுற்று சுற்றி வரலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. தனிப் பயிற்சி பெற்ற விமானிகளுக்கு மட்டுமே அனுமதி.

மேகம் மூடிவிட்டால்? கோடீசுவரர் ஆனாலும் வேறு ஊரில் இறங்கி, நம்மைப் போல ரோட்டு வழிதான்!