விண்கலம் ஒளிந்துகொள்ள முடியுமா? ராக்கெட் தெரியும் பழவேற்காட்டிலிருந்து ஓர் அறிவியல் பார்வை!

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க பழவேற்காட்டு மக்களுக்கு டி.வி தேவையில்லை. வானம் தெளிவாக இருந்தால், வடக்கே நிமிர்ந்து பார்த்தாலே போதும். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று கடலையொட்டி இருக்கும் மீனவ கிராமங்களுக்கும் ஏவுதளத்துக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ தூரம்தான். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக்கடல், இரண்டுக்கும் நடுவே நீளமான தீவாக ஸ்ரீஹரிகோட்டா.

முதலில் தெரிவது வெளிச்சம். சத்தம் வந்துசேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 2023 ஜூலை 14 அன்று மதியம் 2.35 மணிக்கு சந்திரயான்-3 கிளம்பியது. புறப்பட்ட நொடியின் முழக்கம் பழவேற்காட்டை எட்டுவதற்குள், ராக்கெட்டின் இரண்டு பக்க பூஸ்டர்களும் தங்கள் வேலையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டன. 127-வது நொடியில், சுமார் 62 கி.மீ உயரத்தில் அவை கழன்று விழுந்தன.

இவ்வளவு நெருப்போடும் சத்தத்தோடும் கிளம்பும் ஒரு பொருள், மேலே போனதும் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ள முடியுமா? சினிமாவில் வில்லனின் விண்கலம் ஒரு பட்டனைத் தட்டியதும் மறைந்துவிடுகிறது. நிஜத்தில் அது ஏன் அவ்வளவு சுலபமில்லை?

கழியும் இல்லை, தண்ணீரும் இல்லை!

ஆழம் குறைந்த ஏரியில் மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளினால் படகு நகரும். கடலில் எஞ்சினின் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகும். எதையாவது பின்னால் தள்ளினால்தான் முன்னால் போக முடியும். நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான்.

விண்வெளியில் தள்ளுவதற்குத் தரையும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. அதனால் தள்ளவேண்டிய பொருளையும் ராக்கெட்டே சுமந்துகொண்டு போகிறது. எரிபொருளை எரித்து, சூடான வாயுவாக்கிப் பின்னால் வீசுகிறது. பூமியைச் சுற்றிவர நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ வேகம் வேண்டும். திட எரிபொருளின் புகையோ நொடிக்கு 3 கி.மீ-க்கும் குறைவான வேகத்தில்தான் வெளியேறுகிறது. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட மலைபோல் எரிபொருள் தேவை. அதனால்தான் 3.9 டன் எடையுள்ள சந்திரயான்-3-ஐ அனுப்ப, 640 டன் எடையுள்ள எல்.வி.எம்-3 ராக்கெட் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தது, கிளம்பிய எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கிழக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே கணக்குதான் காரணம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டுக்கு நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. கழன்று விழும் பாகங்களும் ஊர்களின் மேல் விழாமல் கடலில் விழும்.

ஆனால், அந்தக் கடலில்தான் மீனவர்களின் பிழைப்பு இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் குறிப்பிட்ட பகுதிக்குள் மீன்பிடிக்கப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். அறிவியல்படி அது நியாயமான எச்சரிக்கை. பி.எஸ்.எல்.வி-யின் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று சொல்லப்பட்ட பெரிய உலோக உருளை ஒன்று, 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலேயே ஒதுங்கியது. ஆனாலும் வலை நனையாத நாளில் வீட்டுக்கு வருமானம் இல்லை. விண்வெளிக்கான விலையில் ஒரு சிறு பங்கை இந்தக் குப்பங்களும் கொடுக்கின்றன.

சூடு காட்டிக்கொடுக்கும்!

ஒளிந்துகொள்ளும் விஷயத்துக்கு வருவோம். ஸ்டெல்த் போர் விமானங்கள் எப்படி மறைகின்றன? ரேடார் அலைகள் வந்த வழியே திரும்பாதபடி உடலை வளைவும் சாய்வுமாக அமைக்கிறார்கள். அலைகளை உறிஞ்சும் பூச்சு பூசுகிறார்கள். எஞ்சின் புகையைக் குளிர்ந்த காற்றோடு கலந்து சூட்டைக் குறைக்கிறார்கள்.

விண்வெளியில் முதல் இரண்டும் சாத்தியம். மூன்றாவதுதான் இடிக்கிறது. அங்கே கலப்பதற்குக் காற்று இல்லை. விண்வெளியின் பின்னணி வெப்பநிலை சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். மனிதர்கள் வாழும் கலம் என்றால் உள்ளே 20 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேறியே ஆக வேண்டும். அமாவாசை இருட்டில், நடுக்கடலில் ஒரே ஒரு படகில் மட்டும் விளக்கு எரிந்தால் எப்படித் தெரியுமோ, அகச்சிவப்புக் கேமராவுக்கு அந்தக் கலம் அப்படித்தான் தெரியும். சூட்டை உள்ளேயே பூட்டி வைத்தால் கலமே வெந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் குளிரவைத்து, மறுபக்கமாகச் சூட்டை வெளியேற்றலாம். அப்போதும் மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எஞ்சினை இயக்கினால் கதையே முடிந்தது. திட எரிபொருள் எரியும்போது வெப்பம் 3,000 டிகிரியை ஒட்டிப் போகும். பூமியில் எங்கே ராக்கெட் கிளம்பினாலும் அந்தச் சூட்டைக் கண்டுபிடிப்பதற்கென்றே அமெரிக்கா 1970 முதல் செயற்கைக்கோள்களை அனுப்பிவருகிறது. சுமார் 36,000 கி.மீ உயரத்தில் இருந்த அவை, 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் கிளம்பியதைக் கண்டுபிடித்தன.

நெருப்பே இல்லாத எஞ்சினும் உண்டு. செனான் வாயுவை மின்சாரத்தால் விரட்டும் இத்தகைய எஞ்சினை, 2017 மே 5-ல் ஏவப்பட்ட ஜிசாட்-9 செயற்கைக்கோளில் இஸ்ரோ பொருத்தியது. புகை பல மடங்கு வேகமாக வெளியேறுவதால் எரிபொருள் மிச்சம். ஆனால் தள்ளுவிசை மிகக் குறைவு. உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் உணரும் அழுத்தம் அளவுதான். சத்தமில்லாத எஞ்சின்தான் என்றாலும், அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஓடும் இடத்தில் சூடும் இருக்கும்.

ஏழு வருடம் தொலைந்துபோன சந்திரயான்!

எஞ்சினை அணைத்து, எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, சும்மா மிதந்தால்? அதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது.

2008 அக்டோபர் 22-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சந்திரயான்-1, 2009 ஆகஸ்டில் தொடர்பை இழந்தது. ஒவ்வொரு பக்கமும் சுமார் ஒன்றரை மீட்டர் கொண்ட பெட்டி அது. பேச்சுமூச்சில்லாமல் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடாரில் அதைப் பிடிப்பதும் கஷ்டம். அலை போக வேண்டும், மோத வேண்டும், திரும்பி வர வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் திரும்பும் அலையின் பலம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

2016 ஜூலையில் நாசா விஞ்ஞானிகள் ஒரு முயற்சி செய்தார்கள். கலிஃபோர்னியாவில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து நிலவின் வடதுருவத்துக்கு மேலே ரேடார் அலையை அனுப்பினார்கள். சந்திரயான்-1 துருவங்களின் வழியே சுற்றும் கலம் என்பதால், அது அந்த இடத்தைக் கடந்தே ஆக வேண்டும். மீன் வரும் வழியில் வலை விரித்துக் காத்திருப்பது போலத்தான். நான்கு மணி நேரத்தில் ஏதோ ஒன்று இரண்டு முறை கடந்தது. இடைப்பட்ட நேரம், சந்திரயான் ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரத்தோடு பொருந்தியது. சுமார் 3,80,000 கி.மீ தொலைவில், தொலைந்த கலம் கிடைத்துவிட்டது!

சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நொறுங்கி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவரோ சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட படங்களைத் தன் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்தே அவர் அதைச் சாதித்தார். 2019 டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அங்கீகரித்தது.

இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலேயே, ஒரே நேரத்தில் 10 பொருட்களைப் பின்தொடரும் ரேடார் இருக்கிறது. விண்வெளிக் குப்பைகளைக் கண்காணிக்க இஸ்ரோ 'நேத்ரா' என்ற திட்டத்தையும் நடத்துகிறது.

கண்ணில் படாத படகுகள்!

விண்வெளியில் இவ்வளவு கஷ்டமான ஸ்டெல்த், பழவேற்காட்டுக் கடலில் சர்வசாதாரணம். மீனவர்களின் ஃபைபர் படகுகள்தான் அவை! உலோகம்போல ஃபைபர் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாது. தண்ணீரோடு ஒட்டியிருக்கும் சிறிய படகின் எதிரொலி, அலைகளின் எதிரொலியோடு கலந்துவிடும். தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் பெரிய கப்பல்களின் ரேடாரில் இந்தப் படகுகள் சரியாகத் தெரியாமல் போகலாம். இரவிலும் பனிமூட்டத்திலும் இது உயிருக்கே ஆபத்து.

இதற்கான தீர்வு எளிது. அலைகளைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும் ரேடார் ரிஃப்ளெக்டர் என்ற உலோக அமைப்பைப் படகில் உயரமாகக் கட்டலாம். இருட்டில் விளக்கு எரியவிடலாம். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே செயல்படும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை நாடு முழுவதும் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படகு இருக்கும் இடத்தைச் சொல்லும் இந்தக் கருவி மூலம் அவசரத்தில் உதவி கேட்கலாம். புயல் எச்சரிக்கையும் வந்துசேரும்.

தலைக்கு மேலே ராக்கெட் பறக்கும் இந்தக் கிராமங்களில், ஒரு சிறிய ஃபைபர் படகும் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் விண்வெளி அறிவியலின் பலன் கரை சேர்ந்ததாக அர்த்தம்!