ஆலை மூடியாச்சு, கிணறு கெட்டது கெட்டதுதான்

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவிலேயே மூடப்பட்டுவிட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவோ, 1.5 லட்சம் டன்னுக்குக் குறையாமல், கால் நூற்றாண்டுக்கு மேல் திறந்தவெளியில் மேடாகக் கிடந்தது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

மூடிய ஆலை எப்படிக் கிணற்றைக் கெடுக்கும்? குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். கரையாமல் இருந்த குரோமியம் அப்போது ஹெக்சாவேலன்ட் குரோமியமாக மாறும். இது தண்ணீரில் எளிதில் கரையும். தண்ணீர் விட்டு அதைப் பிரித்தெடுப்பார்கள். முழுவதும் வராது, மிச்சம் கழிவிலேயே தங்கும். ஆலை நின்றபின் அந்த மிச்சத்தை ஒவ்வொரு மழையும் கரைத்துக் கீழே இறக்குகிறது. மண் அதை அவ்வளவாகப் பிடித்துவைப்பதில்லை. நிலத்தடி நீரோடு அதுவும் பாலாற்றுப் பக்கம் நகர்கிறது.

மேட்டை ஒட்டித் தேங்கும் மஞ்சள் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை. பயப்பட வேண்டியது தெளிந்த தண்ணீருக்குத்தான். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரே ஒரு கிராம் போதும், 20,000 லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். சில மடங்கு கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று உறுதி செய்யப்பட்டது ஹெக்சாவேலன்ட் குரோமியம். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவரிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது.

காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடராலும் பயனில்லை. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுநீரில் அதே குரோமியம் இன்னும் செறிவாக மண்ணுக்கே திரும்பும். மேடு இருக்கும்வரை தண்ணீரைச் சுத்தம் செய்து மாளாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலையே இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பை அரசு ஏற்றாக வேண்டும்.

தொழிற்பேட்டைக்கு அருகில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒன்றைக் கேளுங்கள்: நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் குரோமியம், ஈயம், காட்மியம் எவ்வளவு? உப்பு, கடினத்தன்மை பார்த்த அறிக்கையைக் காட்டினால் திருப்தியடையாதீர்கள். உலோகப் பரிசோதனை வேண்டும் என்று தீர்மானமாகவே எழுதி நிறைவேற்றுங்கள்.