அலைச்சறுக்கும் ஆணிமுத்தும்

தூத்துக்குடியிலே ‘பருவம்’ என்று சொன்னால் முற்காலத்தில் ஒரே பொருள்தான் உண்டு. அது முத்துக்குளிப்புப் பருவம். 1955ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை அரசாங்கம் அப்பருவத்தைத் தொடர்ந்து நடத்தியது. அதற்குப் பின் எங்கள் கடல் அத்தகைய பருவத்தைக் கண்டதில்லை. என் பாட்டனார் 1958ஆம் ஆண்டுப் பருவத்தில் மூழ்கியவர். அவர் கண்ட கடலையும் அவர் இழந்த செவியையும் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு பருவம். அதுவும் கடலில் நடப்பதுதான். ஆனால் அதில் எவரும் மூழ்கிப் பொருள் தேடுவதில்லை. ஒரு பலகையின்மேல் நின்றுகொண்டு, கரையை நோக்கி ஓடிவரும் அலையின் தோள்மீது சறுக்கி வருகிறார்கள். அப்படி வந்த அழகுக்குக் கரையில் அமர்ந்திருக்கும் நடுவர்கள் மதிப்பெண் வழங்குகிறார்கள். இதற்கு அலைச்சறுக்கு என்று பெயர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. என் தங்கையின் பேரன் பதினைந்து வயதுப் பையன். அவன் நச்சரிப்புப் பொறுக்காமல் நானும் அவனுடன் போய்வந்தேன். போகும்போது எனக்கு அந்த விளையாட்டில் மதிப்பில்லை. திரும்பும்போது என் எண்ணம் மாறியிருந்தது. மாறியதற்குரிய காரணத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதல் நாள் எனக்குக் கோபமே வந்தது. ஓர் இளைஞன் அலையிலேறிக் கரை மணலைத் தொடும் வரையில் விழாமல் வந்தான். இன்னொருவன் பாதி வழியிலேயே அலையை விட்டு விலகிவிட்டான். மதிப்பெண்ணோ பாதி வழியில் விலகியவனுக்கே மிகுதியாக வந்தது. “இது என்ன நியாயம்?” என்று அருகிலிருந்தவரைக் கேட்டேன். அவர் அக்கரையில் சிறுவர்களுக்கு அலைச்சறுக்குப் பயிற்றுவிப்பவர். “ஐயா, இங்கே தூரத்தை அளப்பதில்லை, தரத்தை அளக்கிறார்கள்” என்றார். அந்த ஒரு விடை என் பாட்டனாரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது.

முத்தை மதிப்பிடும் முறையை நேயர்கள் அறிந்திருக்கலாம். சிப்பியிலிருந்து எடுத்த முத்துக்களை முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். ஒவ்வொரு சல்லடைக்கும் துளையின் அளவு வேறு. பெரிய துளையில் விழாமல் தங்குவது பெரிய முத்து. கடைசிச் சல்லடையிலும் தங்காமல் விழுவது தூள். இந்த வேலையை எவரும் செய்யலாம். ஆனால் பெரிய முத்தெல்லாம் விலையுயர்ந்த முத்தாகிவிடுமா? ஆகாது. திரட்சியும் ஒளியும் நிறமும் ஒருங்கே அமைந்ததைத்தான் ஆணிமுத்து என்பார்கள். அதைக் கண்டுபிடிக்கும் சல்லடை உலகில் இல்லை. பழகிய கண் ஒன்றுதான் உண்டு. கீழக்கரை வணிகர்கள் முத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத் தரம் சொன்னது அந்தக் கண்ணைக் கொண்டுதான்.

விளையாட்டுக்களிலும் இந்த இருவகை உண்டு. ஓட்டப்பந்தயத்துக்குக் கடிகாரம் போதும். அது சல்லடை போன்றது. அலைச்சறுக்குக்கோ கண் வேண்டும். ஏனெனில் ஓர் அலையைப்போல் மற்றோர் அலை இருப்பதில்லை. ஓடுபவர்கள் எல்லாருக்கும் பாதை ஒன்றே. கடலோ ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு பாதையைக் கொடுக்கிறது. ஆகையால், கிடைத்த அலையைக்கொண்டு ஒருவன் என்ன செய்தான் என்பதே கேள்வியாகிறது. அலை உடையும் செங்குத்தான இடத்தில் துணிந்து திரும்பினானா, கடினமான திருப்பங்களை இடையறாமல் அடுத்தடுத்துச் செய்தானா, ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் பலவகை காட்டினானா, புதுமை இருந்ததா, வேகமும் வலிமையும் ஓட்டமும் ஒன்றோடொன்று இசைந்தனவா என்று நடுவர்கள் பார்க்கிறார்கள். கரை வரையில் நின்றே வந்தவன் அலையோடு வந்தான். பாதியில் விலகியவன் அலையை ஆண்டான். பயிற்றுநர் சொன்னதன் பொருள் இதுதான்.

“கண் பிழைக்காதா? நடுவர் ஒருதலையாக நடக்கமாட்டாரா?” என்று நேயர்கள் கேட்கக்கூடும். அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓர் அலைக்கு ஐந்து நடுவர்கள் தனித்தனியே 10க்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறார்கள். ஐவரும் முறையே 6, 6.5, 6.5, 7, 8 என்று இட்டதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் குறைந்ததான 6ஐயும் மிகுந்ததான 8ஐயும் தள்ளிவிடுவார்கள். எஞ்சிய மூன்றின் சராசரியாகிய 6.67 அந்த அலைக்குரிய மதிப்பெண் ஆகும். வேண்டியவனுக்கு அள்ளிக் கொடுத்தவரின் எண்ணும், வேண்டாதவனுக்குக் கிள்ளிக் கொடுத்தவரின் எண்ணும் கணக்கில் சேர்வதில்லை. ஒரு சுற்றில் ஒருவன் எத்தனை அலைகளில் ஏறினாலும் மிகச் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்களை மட்டும் கூட்டுவார்கள். ஆகவே முழுமதிப்பெண் 20.

இந்த இரண்டு அலைக் கணக்கில் ஆழ்ந்த அறிவு அடங்கியிருக்கிறது. சுற்றுக்குக் குறித்த நேரம் அரைமணிக்குள் முடிந்துவிடும். வந்த அலையிலெல்லாம் ஏறுபவன் களைத்துப் போவான். பெரிய அலை வரும்போது அவன் கரையோரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். காத்திருப்பவனுக்கோ நல்ல அலை வராமலே மணி அடித்துவிடலாம். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பதே பாதி வெற்றி. இருவர் ஒரே அலைக்கு விரைந்தால் முன்னுரிமை உடையவனுக்கே அந்த அலை; குறுக்கிடுகிறவன் மதிப்பெண்ணை இழப்பான். கடலிலே ஒருவர் வலைமேல் மற்றொருவர் வலை விரிக்கலாகாது என்று நம் மீனவர்கள் வகுத்திருக்கும் ஒழுங்கைப் போன்றது இது.

இத்தகைய மதிப்பீடு கடலுக்கு மட்டும் உரியதன்று. பனி மூடிய மலைச்சரிவுகளில் நடக்கும் ஃபிரீஸ்டைல் பனிச்சறுக்கும் இதற்கு உடன்பிறப்பு எனலாம். அதன் உலகக் கோப்பைப் பருவம் 1980ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1992ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கமும் கிடைத்தது. அதிலே மேடுபள்ளச் சரிவு என்று ஒரு பிரிவு. வீரன் கால்களில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு, பனிமேடுகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிறான். வழியில் இருமுறை வானில் தாவிக் கரணமிடுகிறான். 100 மதிப்பெண்ணில் 60 வளைவுகளின் நேர்த்திக்கு, 20 தாவலுக்கு, 20 வேகத்துக்கு. வேகத்தைக் கடிகாரம் அளக்கிறது. மற்றவற்றைக் கண் அளக்கிறது. சல்லடையும் கண்ணும் ஒரே இடத்தில் கூடி வேலை செய்வதை அங்கே காணலாம்.

பருவம் என்று ஒன்று ஏன் வேண்டும் என்பதையும் அந்தப் பனிச்சறுக்கே நன்கு விளக்குகிறது. குளிர்காலம் முழுவதும் நாடு நாடாகப் போட்டிகள் நடக்கும். ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்கு 100, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60 என்று புள்ளிகள் சேரும். பருவ முடிவில் மிகுந்த புள்ளி பெற்றவருக்குப் படிகக் கோளம் பரிசாகக் கிடைக்கும். ஒருநாள் வெற்றிக்கு அதிர்ஷ்டமும் துணை நிற்கக்கூடும்; ஒரு பருவத்து வெற்றிக்கு அதிர்ஷ்டம் மட்டும் போதாது. காற்று மாறும், பனி இறுகும், உடல் நோகும். இவற்றையெல்லாம் கடந்து நிலைத்த திறமையைத்தான் பருவம் தேடிக் கொடுக்கிறது.

நம் நாட்டு அலைச்சறுக்குக்கும் அண்மை ஆண்டுகளில் அப்படியொரு பருவம் உருவாகியிருக்கிறது. கோடையில் கேரளத்து வர்க்கலை, தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன்னர் மங்களூரை அடுத்த சசிஹித்லு, ஆகஸ்டில் மாமல்லபுரம். இவ்வாறு போட்டிகள் அலையைத் தொடர்ந்து கரை மாறிச் செல்கின்றன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிப் போட்டி முதன்முறையாக இந்தியாவுக்கு, அதுவும் நம் மாமல்லபுரத்துக்கு வந்தது. ஆண்கள் பட்டமும் பெண்கள் பட்டமும் ஜப்பானியருக்கே சென்றன. நம்மவர் கரையில் நின்று கற்றுக்கொண்டனர்.

இரண்டே ஆண்டுகளில் அந்தக் கல்வி பயன் தந்தது. 2025ஆம் ஆண்டு ஆசியப் போட்டியின் ஆண்கள் இறுதிச் சுற்றில் இந்தியாவின் ரமேஷ் பூதிஹால் நின்றார். அவர் கர்நாடகத்தவர், கேரளத்துக் கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகியவர். கொரியாவின் கனோவா ஹீஜே 15.17 பெற்று முதலிடம் அடைந்தார். இந்தோனேசியாவின் பஜார் அரியானா 14.57 பெற்றார். ரமேஷ் 12.60 பெற்று வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போட்டியில் தனிப்பட்ட முறையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 12.60 என்பது இரண்டு அலைகளின் கூட்டு. அப்படியானால், சராசரி ஓர் அலைக்கு 6.30. முதல்வருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி அலை ஒன்றுக்கு ஏறத்தாழ 1.3 மதிப்பெண். எட்டாத தொலைவன்று, எளிதில் தாண்டும் தொலைவுமன்று. அந்த எண்களைப் பார்க்கையில், ‘இன்னும் எத்தனை பாகம் ஆழம்?’ என்று கயிற்றைக் கொண்டு அறிந்துகொள்ளும் உணர்வு எனக்கு உண்டாயிற்று.

இந்த விளையாட்டை நம் கரையில் வளர்த்தவர்களில் பலர் மீனவர்களே என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தாம் கற்ற அலைச்சறுக்கை ஊர்ச் சிறுவர்களுக்குக் கற்பித்தவர். இதில் வியப்பில்லை. உடையும் அலையின் முதுகில் கட்டுமரத்தை ஏற்றிக் கரை சேர்க்கும் கலையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அன்று அது பிழைப்பு; எனவே எவரும் அதற்கு மதிப்பெண் இடவில்லை.

இந்த இடத்தில்தான் என் வீட்டு வழக்கு வருகிறது. பையன் மாமல்லபுரத்திலேயே தங்கிப் பயில விரும்பினான். தூத்துக்குடியில் பயிலக்கூடாதா என்றால், எங்கள் கடல் அதற்கு இடங்கொடுப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளும் பவளப் பாறைகளும் அரணாக நிற்கின்றன. கிழக்கே இலங்கையும் மறைக்கிறது. பேரலை கரைக்கு வருமுன் தளர்ந்துவிடும். சிப்பிக்கும் சங்குக்கும் தாய்மடியாக இருக்கும் அந்த அமைதியே அலைச்சறுக்குக்குத் தடையாகிறது. காற்றை நம்பும் பட்டச் சறுக்குக்கு வேண்டுமானால் எங்கள் கடல் ஏற்றது. அதைப் பயில்வோர் இங்கே உண்டு. பையன் மனமோ அலையில் இருந்தது.

வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர் என் அன்னையார். அவருக்கு எண்பத்தைந்து வயது. “கடலுக்குப் போனவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாதா?” என்றார். அது வெறும் பேச்சன்று. எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சடக்கி இறங்கிய அவர் தந்தைக்கு ஒரு செவி கேளாமற் போயிற்று. எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு மூழ்கியவருக்கு, மற்றது அரசாங்கத்துக்கு. சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயின. முத்துக்குத் தரம் பார்த்தார்கள். மூழ்கியவனுக்கு எண்ணிக்கை மட்டும் பார்த்தார்கள். எவ்வளவு ஆழம் இறங்கினான், இருட்டில் எப்படித் தடவி எடுத்தான், எவ்வளவு அழகாக மேலே வந்தான் என்று கண்டவர் எவருமிலர்.

நான் பதிலுக்கு வாதாடவில்லை. ஐந்து நடுவர்கள், தள்ளப்படும் இரண்டு எண்கள், இரண்டு அலைக் கணக்கு எல்லாவற்றையும், இப்போது உங்களுக்குச் சொன்னதுபோலவே, அவருக்கும் சொன்னேன். இதில் வருமானம் மிகுதி என்று பொய் சொல்லவில்லை. பதக்கம் பெறுவோர் சிலர். பயிற்றுநராகவும் கரைக்காவலராகவும் பிழைப்போர் சிலர். விட்டுவிட்டு வேறு தொழில் பார்ப்போரே பலர் என்பதையும் சொன்னேன். 2026ஆம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அலைச்சறுக்கும் சேர்க்கப்பட்டதைச் சொன்னேன். அன்னையார் அவற்றையெல்லாம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டார்.

“அப்படியானால், அலையிலே அவன் எப்படி வந்தான் என்பதற்காகவா ஐந்து பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அவன் கொண்டுவந்ததைப் பார்ப்பதில்லையா?”

“ஆம், அம்மா. அவன் கையில் ஒன்றும் கொண்டுவருவதில்லை.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையனை அழைத்து, பள்ளிப் படிப்பை முடித்த பிறகே போகலாம் என்றும், அதுவரையில் விடுமுறைகளில் மட்டும் போய்ப் பயிலலாம் என்றும் சொன்னார். போகுமுன் தன் தகப்பனாரின் படத்துக்கு முன் நின்றுவிட்டுப் போகவேண்டும் என்பது மூன்றாவது நிபந்தனை. பையன் மூன்றுக்கும் தலையசைத்தான்.

சென்ற விடுமுறையில் முதன்முதலாக ஒரு சிறுவர் போட்டியில் இறங்கிவிட்டு வந்தான். இரண்டு அலைகளுக்கும் சேர்த்து 20க்கு 5.4. “பூட்டி, ஆணி இல்லை, தூள்தான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அன்னையார் சிரிக்கவில்லை. அந்த ஐந்து பேரும் சரியாகப் பார்த்தார்களா என்று என்னைக் கேட்டார்.