காவலனைக் கட்டிய கயிறு

மதுரை மாநகருக்கு வடக்கே 21 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அழகர்கோவிலில், பதினெட்டாம்படிக் கருப்பனைப் பற்றி வழங்கும் ஐதிகத்தை அறியாதவர் இந்தச் சீமையில் இரார். அழகரின் சாந்நித்தியத்தைக் கவர்ந்து செல்லும் உத்தேசத்துடன் மலையாள தேசத்திலிருந்து மந்திரவாதிகள் பதினெண்மர் வந்தனர் என்றும், மாய மையைக் கண்ணில் தீட்டிக்கொண்டு எவர் கண்ணுக்கும் புலப்படாமல் கருவறைக்குள் புகுந்தனர் என்றும், கொதிக்கும் பொங்கலை உள்ளே வைக்க, அதன் ஆவியில் மை கரைந்து அவர்கள் உருவம் வெளிப்பட்டதென்றும் பெரியோர் சொல்லுவர். கோவிலில் காவல் இல்லாமற் போகவில்லை; காவலர் கண்ணுக்குக் கள்வர் தெரியவில்லை. அதுவே ஆபத்தாயிற்று. புற்றுநோயைப் பற்றி உலக விஞ்ஞானம் சென்ற முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து கண்டிருக்கும் உண்மையும் ஏறக்குறைய இதுவே. அவ்வுண்மை யாது, அதனால் பயன் பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பவற்றை நமது வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

மனித தேகத்துள் ஓயாது காவல் புரியும் படை ஒன்று உண்டு. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே அப்படை. அவற்றுள் ‘டி’ அணுக்கள் எனப்படுபவை, அன்னியக் கிருமி புகுந்த அணுவையும், முறை தவறி வளரத் தொடங்கிய அணுவையும் தேடிக் கண்டு அழிக்க வல்லன. ஆயினும் கட்டுப்பாடற்ற படை பகைவனினும் கொடியது. வந்த பகையை ஒழித்த பிறகும் வாளை உறையிலிடாத சேவகன் சொந்தக் குடிகளையே வெட்டத் தொடங்குவான். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். அவ்வாறு நேராதபடி, காவலனை அடக்கி நிறுத்தும் புரதங்களை இயற்கையே அமைத்திருக்கிறது. குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ, டி அணுவுக்கு இப்புரதங்கள் அப்படியே. புற்றுநோயின் சூழ்ச்சியெல்லாம் இந்தக் கடிவாளத்தைத் தன் கையில் பிடித்துக்கொள்வதிலேயே அடங்கியிருக்கிறது.

ஜப்பான் தேசத்துக் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோ என்னும் பேரறிஞரும் அவர் சகாக்களும் 1992-ஆம் ஆண்டில் பி.டி.-1 என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். இது டி அணுவின் மேற்புறத்தில் ஒரு பூட்டுப்போல் அமைந்திருப்பது. இதற்குப் பொருந்தும் சாவியாகிய மற்றொரு புரதத்தைப் பல புற்றணுக்கள் தம் உடல்மேல் முளைப்பித்துக்கொள்ளுகின்றன. காவலன் அருகில் வந்ததும் பூட்டில் சாவி பொருந்துகிறது. “நான் வீட்டு மனிதன்” என்று கள்வன் சொல்ல, காவலன் கை தளர்ந்து நிற்கிறான். அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன், ஸி.டி.எல்.ஏ.-4 என்னும் வேறொரு புரதமும் இவ்வாறே காவலனை அடக்குவதென உணர்ந்து, அதைத் தடுத்தால் எலிகளில் புற்றுக்கட்டி மறைவதை 1996-ல் வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் வைத்தியர் கத்தியால் அறுத்தனர், கதிரால் சுட்டனர், கடும் மருந்தால் எரித்தனர். இப்போது வந்த மருந்தோ புற்றைத் தொடுவதேயில்லை. காவலனைக் கட்டிய கயிற்றை மட்டும் அவிழ்த்து விடுகிறது. இவ்வகையில் இபிலிமுமாப் 2011-லும், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்பவை 2014-லும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. காவற்படையை மேற்பார்க்கும் அணுக்களும் தனியே உண்டு என்பதை ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995-ல் நிலைநாட்டினார். அவ்வகை அணுக்களுக்கு ஆதாரமான பாக்ஸ்பி-3 என்னும் மரபுக்கூற்றை மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001-ல் கண்டனர். இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பல புற்றுக்கட்டிகள் இம்மேற்பார்வை அணுக்களைத் தம்மைச் சுற்றிக் கூட்டி வைத்துக்கொண்டு அரண் அமைத்துக்கொள்ளுகின்றன. அவ்வரணைக் குலைக்கும் உபாயத்தை இன்று பலரும் தேடி வருகின்றனர். எல்.ஏ.ஜி.-3 என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்து 2022-ல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. டி.ஐ.ஜி.ஐ.டி. என்னும் புரதத்தைப் பற்றி எழுந்த பெருநம்பிக்கையோ, பெரிய பரிசோதனைகளில் பலமுறை பொய்த்துப்போயிற்று.

இவற்றைக் கேட்டுப் புற்றுநோய் ஒழிந்தது என்று எவரும் மயங்க வேண்டாம். இம்மருந்துகள் எல்லாப் புற்றுக்கும் ஏற்றவையல்ல. ஏற்ற வகைகளிலும் பயன் பெறுவோர் பெரும்பாலும் சிறுபான்மையோரே. கடிவாளம் கழன்ற காவலர் குடலையும், நுரையீரலையும், ஈரலையும், கழுத்திலுள்ள தைராய்டு கோளத்தையும் தாக்குவதுண்டு. கவனியாது விட்டால் உயிருக்கே மோசம் நேரும். ஆதலால் தேர்ந்த வைத்தியர் மேற்பார்வையின்றி இதைத் தொடலாகாது. ஆனால், இறுதி நிலையென்று கைவிடப்பட்டவர்களில் சிலர் பல்லாண்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்பதும் மறுக்க முடியாத உண்மை.

இனி நம் தேசத்தின் நிலைமைக்கு வருவோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதே அந்நிலைமை. இம்மருந்துகளின் விலை மேனாட்டுச் செல்வரையும் கலங்க வைப்பது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு அங்கீகாரம் பெற்ற சிகிச்சை முறைகள் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு மட்டுமே எட்டுகின்றன என்று பம்பாய் டாடா நினைவு மருத்துவமனை நிபுணர்களே எழுதியிருக்கின்றனர். வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் மலிந்த நாடு நம்முடையது. மேலூர், அழகர்கோவில், அப்பன்திருப்பதி முதலிய ஊர்களில் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு வயல் வேலை செய்யும் உழவனுக்கு, கியோட்டோவின் ஞானத்தால் விளைந்த பயன் என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அக்கேள்விக்கு விடை தேடிய பெருமை அந்த டாடா மருத்துவமனை வைத்தியர்களையே சாரும். விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் முதலியோர், தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு மலிவான வாய்வழி மருந்துகளை மட்டும் கொடுத்தனர். மறு பகுதியார்க்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கொரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஏற்றினர். மேனாட்டு விதிப்படியான அளவு இரண்டு வாரத்துக்கொரு முறை 240 மில்லிகிராம். பன்னிரண்டு வாரத்துக்குக் கணக்கிட்டால் அங்கே 1440, இங்கே 80. அதாவது பதினெட்டில் ஒரு பங்கு. பலன் 2022-ல் வெளியாயிற்று. ஓராண்டு கழிந்தபின் உயிரோடிருந்தவர் முதற் பகுதியில் நூற்றுக்கு 16.3, இரண்டாம் பகுதியில் 43.4. பாதிப்பேர் உயிர் தரித்திருந்த காலம் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக நீண்டது. மூன்று மாதம் ஒரு பொருட்டா என்று ஏளனம் செய்வோர், மகள் விவாகத்தைக் கண்ணால் கண்டுவிட்டுக் கண்மூட விரும்பும் தகப்பனைக் கேட்டறியட்டும்.

சிறிய அளவையும் முழு அளவையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பரிசோதனை இதுவன்றே என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் நம் ஏழையின் முன் நிற்கும் கேள்வி சிறிய அளவா, முழு அளவா என்பதன்று. சிறிய அளவா, சூனியமா என்பதே. மேலும், டி அணுக்களிலுள்ள பூட்டுகளில் பெரும்பாலானவை சொற்ப மருந்தினாலேயே அடைபட்டு, வாரக்கணக்கில் அப்படியே இருப்பதை ஆரம்ப காலப் பரிசோதனைகளே காட்டின. பூட்டு நிறைந்த பிறகு கொட்டும் மருந்தினால் நோயாளிக்கு லாபம் உண்டா, வியாபாரிக்கு மட்டும் லாபமா என்பதை ஆராய்வது சர்க்காரின் கடமையல்லவா? அளவைக் குறைத்துக் காட்டும் ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுக்குமென்று எதிர்பார்ப்பது பேதைமை.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. கிளீவெக் என்னும் இரத்தப்புற்று மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. பழைய பொருளுக்குப் புது வடிவம் கொடுத்து உரிமை நீட்டுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவின் மீது அக்கம்பெனி தொடுத்த வழக்கைச் சென்னை ஹைக்கோர்ட்டு 2007-ல் தள்ளியது. சுப்ரீம் கோர்ட்டு 2013, ஏப்ரல் 1-ஆம் தேதி முடிவான தீர்ப்பளித்தது. ஈரல் புற்றுக்கான நெக்சாவார் மருந்துக்கு 84-ஆம் பிரிவின்படி 2012-ல் கட்டாய உரிமம் அளிக்கப்பட்டபோது, மாதத்துக்கு ரூ. 2,80,000 ஆன செலவு ரூ. 8,800 ஆக இறங்கிற்று. இந்தியா இந்த ஆயுதத்தைக் கையிலெடுத்தது அதுவே முதல் முறை. காவலனை விடுவிக்கும் இப்புதிய மருந்துகள் உயிருள்ள அணுக்களில் விளைவிக்கப்படுபவை. ஆதலால் அவற்றை ஒத்த மருந்து செய்வது மாத்திரை செய்வதுபோல் எளிதன்று. எனினும் நம்மால் ஆகாதது அன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் கூடி, நோயாளியின் டி அணுக்களையே மாற்றியமைத்து இரத்தப்புற்றை எதிர்க்கச் செய்யும் சிகிச்சையை உருவாக்கி, 2023-ல் அநுமதி பெற்றதே போதிய சான்று.

மதுரையில் ஞானத்துக்குப் பஞ்சமில்லை. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் நோய் எதிர்ப்பியலை வளர்த்த பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன், ராபர்ட் அவர்பாக்குடன் சேர்ந்து, சுண்டெலியின் கருவிழியில் புது இரத்தக் குழாய்கள் முளைப்பதை ஆராயும் வழியை 1979-லேயே ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டவர். புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய இரத்தத்தை வருவித்துக்கொள்ளும் விதத்தை ஆராய்வோர்க்கு அது பயன்பட்டது. அத்தகைய கல்விக் கழகமும், ராஜாஜி அரசு மருத்துவமனையும் உள்ள ஊரில், சிறிய அளவுச் சிகிச்சையின் பரிசோதனைகள் நடைபெறுவதற்குத் தடை என்ன? நாம் கேட்பவை மூன்று. முதலாவது, அளவு குறித்த ஆராய்ச்சியை அரசாங்கப் பணத்தில் அரசு மருத்துவமனைகளில் நடத்துக. இரண்டாவது, நிபுணர் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஒரே நாளை நியமித்து மருந்து கொடுக்க. 40 மில்லிகிராம் புட்டியைத் திறந்தால் இருவருக்கு ஆகும். ஒருவர் மட்டும் வந்தால் பாதி மருந்து வீணாகும். நாள் குறித்துச் சந்தை கூட்டத் தெரிந்த ஜனங்களுக்கு இது அரிய காரியமன்று. மூன்றாவது, காப்புரிமைகள் காலாவதியாகுந்தோறும் தரமான சுதேசி மருந்து உடனே வெளிவர வேண்டிய உதவியைச் செய்க. அதற்கு முன்னும் அவசியம் நேர்ந்தால் சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பிரயோகிக்கக் கூசாதிருக்க.

நம் கடமையும் ஒன்று உண்டு. புகையிலை மட்டுமன்று, வெறும் பாக்கும் புற்றுக்கு வித்தென்று சர்வதேச ஆராய்ச்சி ஸ்தாபனம் 2004-ல் உறுதி செய்தது. கள்வன் புகுந்தபின் மை கரைப்பதினும், கதவைத் திறந்து வையாதிருப்பதே மேல். வாயில் ஆறாத புண்ணும் வெண்படலமும் கண்டவர் காலம் கடத்தாமல் வைத்தியரை நாடும்படி, ஊர் தோறும் தொண்டர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை முயற்சியாக மாற்றி, முப்பது ஆண்டு ஓயாமல் உழைத்து, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். அந்நிலையம் தானாக வந்ததன்று. விடாது கேட்டதனால் வந்தது. இம்மருந்தும் அவ்வாறே வரும். சட்டசபை உறுப்பினர்களும், வைத்தியர் சங்கங்களும், பொதுஜன ஊழியர்களும் இன்றே கேட்கத் தொடங்குவார்களாக.